வள்ளியூருக்கு இந்தப் பக்கம் நின்ற வண்டி

சங்கரநயினார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயதில் அவர் ஒரு குருவைத் தேடிப் போனார். மலைக்கோ மடத்துக்கோ அல்ல. பாளையங்கோட்டை பைபாஸ் ஓரத்தில் ஜெபகனி நடத்தும் ஒர்க்‌ஷாப்புக்கு.

ஜெபகனிக்கு நாற்பது வயது. எத்தனை பழைய காராக இருந்தாலும் கார்புரேட்டரைக் காதாலேயே சரிசெய்வாள் என்று பெயர். அவர் கொண்டுவந்த பழைய காரை விட்டுவிட்டு நாளை வரச் சொன்னாள். அவர் மாட்டேன் என்றார். தானே கற்றுக்கொண்டு தன் கையாலேயே செய்தால்தான் நம்பி ஓட்ட முடியும் என்றார். வாத்தியாருக்கே வாத்தியாராகும் யோகம் யாருக்கு வாய்க்கும்? ஜெபகனி சம்மதித்தாள். அன்றிலிருந்து அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். விளையாட்டாகத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது.

பாடம் ஒன்றும் பெரிதல்ல. முதலில் எஞ்சின் நன்றாகச் சூடேற வேண்டும். பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு ஒரு சின்னத் திருகில் இருக்கிறது. அதை மெல்ல உள்ளே திருகினால் எஞ்சின் திணறும். வெளியே திருகினால் சீராகும், இன்னும் திருகினால் வேறு மாதிரி திணறும். இரண்டு திணறலுக்கும் நடுவில் சத்தம் ஒரே சீராக வரும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

சங்கரநயினாருக்கு எல்லாம் வந்தது. கையை எடுப்பது மட்டும் வரவில்லை.

காலையில் வைத்த இடத்தை மத்தியானம் கால் சுற்று மாற்றுவார். மறுநாள் வந்து அதைப் பழையபடி திருப்புவார். இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது. ஜெபகனி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்.

"இந்த வண்டில எங்க போவணும் சார்?"

"நாகர்கோவிலுக்கு. மக வீட்டுக்கு."

"பஸ்ஸு நிமிசத்துக்கு ஒண்ணு போவுதே."

"பஸ்ல போவக் கூடாது, டீச்சர்."

எஞ்சினைப் பார்த்தபடியே அவர் மீதியைச் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்னால் மகள் உலகம்மை, தான் விரும்பியவனை நாகர்கோவிலில் கல்யாணம் செய்துகொண்டாள். அவரும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு இந்த வண்டியில் கிளம்பினார். வள்ளியூருக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். முகூர்த்தம் முடியும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினார். வண்டி வழியில் நின்றுவிட்டது என்று மகளிடம் சொன்னார். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் வறட்டுக் கௌரவம்.

சின்னப் பிள்ளையில், வண்டி கிளம்பாத காலையிலெல்லாம் பள்ளிக்கூடச் சீருடையோடு இறங்கி, பின்னால் நின்று தள்ளியவள் உலகம்மை. அவளிடம் போய் இந்தக் கதை எடுபடுமா?

"நெசமா நின்னிருந்தா என்னயக் கூப்பிட்டிருப்பியளேப்பா" என்றாள். போனை வைத்துவிட்டாள். அன்றோடு அவர் வண்டியை ஷெட்டில் போட்டுப் பூட்டினார்.

இந்தப் பொங்கலுக்கு அவளே பேசினாள். பேத்தி தாத்தாவைக் கேட்கிறாளாம், அந்த வண்டியிலேயே வரச் சொல்கிறாளாம். மகளின் குரலைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாகர்கோவில் பஸ் எதிரே வந்தால் அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இப்பவே போவணும்னு மனசு கிடந்து அடிக்கி, டீச்சர். ஆனா வழியில நெசமாவே நின்னுட்டுன்னா? ரெண்டாந்தடவ யாரு நம்புவா?"

ஜெபகனி எதிர்க்கடையில் டீ வாங்கி வந்து ஒரு கிளாஸை அவர் கையில் கொடுத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்க, இன்னும் ஒரு நடுக்கம் இருக்கு" என்றார் அவர்.

டீ தளும்பி அவர் விரல்களில் வழிந்தது. ஜெபகனி கிளாஸை அவரிடமிருந்து வாங்கினாள். ஓடுகிற எஞ்சின்மேல், ஏர் ஃபில்டர் மூடியின் நடுவில் வைத்தாள். டீயின் மேல் மெல்லிய வளையங்கள் எழுந்தன. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

சங்கரநயினார் கிளாஸைப் பார்த்தார். பிறகு தன் ஈர விரல்களைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சரிசெய்து முடித்த திருகை இனி யாரும் தொடக் கூடாது என்பதற்கு ஒர்க்‌ஷாப்பில் ஒரு அடையாளம் உண்டு. ஜெபகனி மேசை டிராயரிலிருந்து சிவப்பு நகப்பூச்சு எடுத்துவந்து திருகின் தலையில் ஒரு சொட்டு வைத்தாள். காயும்வரை ஊதினாள். ஸ்க்ரூடிரைவரை அவர் பையிலிருந்து எடுத்துத் தன் டிராயரில் போட்டுவிட்டு, கிளாஸை எடுத்துக்கொண்டு பானெட்டை மூடினாள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். கியர் போட்டார். வண்டி நகரவில்லை, கிளட்ச்சிலிருந்து கால் எழவே இல்லை. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"டீச்சர், வள்ளியூர்கிட்ட நின்னுட்டுன்னா?"

"நின்னா, இந்தத் தடவயாவது மகளக் கூப்பிடுங்க, சார்" என்றாள் ஜெபகனி.