மலைக்கு வாக்கப்பட்ட அன்னாசி

காலை நீட்டிப் படு. போர்வையை முகத்துக்கு மேல இழுக்காத, மூச்சு முட்டும். நான் கதை சொல்வேன், நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னுச்சுன்னா கதையும் நின்னுடும். பாதியில விட்டுட்டேன்னு காலையில என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது, சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு அன்னாசிச் செடி இருந்துச்சாம். ராஜா இல்ல, ராணி இல்ல, செடிதான். ராஜா கதை வேணும்னா உங்க சித்தப்பாகிட்ட போய்க் கேளு.

அந்த ஊரு மலை மேல, மேகத்துக்குள்ள இருக்குது. உருளைக்கிழங்கும் பூண்டும் விளையிற ஊரு. குளிருன்னா அப்படி ஒரு குளிரு. காலையில வாயைத் திறந்தா பேச்சுக்கு முன்னாடி புகைதான் வரும். அங்க அன்னாசிக்கு என்ன வேலைன்னு நீ கேக்கணும். கேக்க மாட்டியா? சரி, நானே சொல்றேன்.

கீழ, கடலோரத்துல, பகவதின்னு ஒரு பொண்ணு. அவ அப்பாவுக்கு அன்னாசித் தோட்டம். அவளை இந்த மலை ஊர்ல வேலப்பன்னு ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்தாங்க. பஸ் ஏறும்போது அவ அம்மா தோட்டத்துல இருந்து ஒரு கன்னை 'படக்'னு ஒடிச்சு, மண்சட்டியில நட்டு, மடியில வச்சு அனுப்பினா. "இது பூக்கறப்போ நீயும் அந்த ஊர்க்காரி ஆயிருப்பே"ன்னு சொன்னாளாம். அம்மாங்க இப்படித்தான் ஏதாவது சொல்லி அனுப்புவாங்க. பொண்ணுங்க அதைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குவாங்க.

ம்... அப்புறம் பஸ்ஸு மலை ஏறிச்சு. 'ர்ர்ர்... ர்ர்ர்...'னு வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கிக்கிட்டு. கீழ வேர்த்து ஊத்திக்கிட்டு இருந்தவ, பாதி மலையில முந்தானையைப் போத்தினா. இன்னும் மேல போனதும் வேலப்பனோட மப்ளரை வாங்கிச் சுத்தினா. இறங்கறப்போ பல்லு 'கடகட கடகட'. செடிக்குப் பல்லு இல்ல. அது சும்மா இருந்துச்சு.

வேலப்பன் கல்யாணத்துக்குன்னே முன்ரூம் ஒண்ணு கட்டி வச்சிருந்தான். சிமெண்ட் தரை, கண்ணாடி ஜன்னல், பச்சை பெயிண்ட். பாக்க அழகுதான். உள்ள நின்னா பாதத்துல இருந்து குளிரு ஏறும். பகவதிக்கும் அவ செடிக்கும் அந்த ரூம்தான். வீட்டுலயே சூடான இடம் ஒண்ணே ஒண்ணு, அடுப்படி. அங்க விறகடுப்பு அணையவே அணையாது. அடுப்புக்குப் பக்கத்துல ஒரு பலகை கெடக்கும். அது வேலப்பனோட அம்மா காமாயியோட பலகை. அந்த வீடுகள்ல வழக்கம் அப்படி. அடுப்புப் பலகை வீட்டுப் பெரியவளுக்கு. அவளா கூப்பிட்டாத்தான் மருமக உக்காரலாம். காமாயி கூப்பிடல. காமாயியையே அவ மாமியாரு கூப்பிட ரொம்ப வருஷம் ஆச்சாம். "நான் குளிர்ல நிக்கலையா, இவளும் நிக்கட்டும்"னு நெனப்பு. பெருமையா நெனச்சுக்கிற நெனப்பா இது? நீயே சொல்லு.

அப்போ, முதல் பொங்கலுக்குப் பகவதியோட அப்பா சீர் கொண்டு வந்தாரு. மக மூக்கு சிவந்து, உதடு வெடிச்சு நிக்கிறதைப் பாத்தாரு. "மக்ளே, முடியலைன்னா வந்துரு. கூட்டிட்டுப் போறேன்"னாரு. அவ செடியைப் பாத்தா. இலை இருக்கு, பூ இல்ல. "அம்மா சொன்னது நடக்குதான்னு பாக்கறேன்பா. அடுத்த பொங்கலுக்குள்ள இது பூக்கலைன்னா நானும் இதுவும் உங்ககூட கீழ வந்துடறோம்"னா.

வாசல்ல நின்னுகிட்டு இருந்த வேலப்பன் காதுல இது விழுந்துச்சு. கையில இருந்த கிழங்குக் கூடை 'தொபுக்'. ஏன்னா அவனுக்கு அவ மேல அவ்வளவு ஆசை. அவனால கீழ போய் இருக்கவும் முடியாது, நிலம் மலையில இருக்கு. நிலத்தைச் சட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போக முடியுமா?

ம் சொல்லு. ஆங்.

அப்புறம் வேலப்பன் யோசிச்சான். செடிக்குக் குளிருது, அதான் பூக்கலைன்னு அவனா ஒரு முடிவுக்கு வந்து, தன்னோட சிவப்பு ஸ்வெட்டரைக் கழட்டி அதுக்கு மாட்டி விட்டான். மேல மப்ளரும் சுத்தினான். ஜன்னலோரம் யாரோ உக்காந்திருக்கிற மாதிரியே இருந்துச்சு. பால்காரி வந்து, "அண்ணே, இன்னைக்கு எவ்வளவு ஊத்தட்டும்?"னு செடிகிட்ட கேட்டா. அது பதில் சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. ஸ்வெட்டருக்குள்ள வெயில் படாம இலையெல்லாம் வெளுத்துச்சு. வேலப்பன் ஸ்வெட்டர் இல்லாம 'ஹச்சு! ஹச்சு!'. செடி பூத்துச்சா? பூக்கல.

அப்புறம் பகவதி யோசிச்சா. எங்க ஊர்ல குழாயைத் திறந்தாலே தண்ணி வெதுவெதுன்னு வரும், இங்க பச்சைத் தண்ணி பட்டா வேரு வெறச்சுப் போகாதா? தினமும் அடுப்படி வாசப்படியில நின்னு, "அத்தை, ஒரு சொம்பு சுடுதண்ணி"ன்னு கேப்பா. காமாயி திரும்பிக்கூடப் பாக்காம மொண்டு நீட்டுவா. இவ அதை வெளாவி 'சளக் சளக்'னு ஊத்துவா. பாசம் அதிகமாச்சுன்னா தண்ணியும் அதிகமாகும். அடியிலை அழுகி 'பொதக்', இன்னொண்ணு 'பொதக்'. பூத்துச்சா? பூக்கல.

அப்புறம் வேலப்பன் மறுபடியும் யோசிச்சான். அவன் யோசிக்காம இருந்திருக்கலாம். கிழங்குக்குப் போடற உரத்தைக் கொண்டு வந்து கை நிறைய அள்ளிப் போட்டான். அவ்வளவுதான்! செடி 'திமுதிமு'ன்னு வளந்துச்சு. இலை ஒவ்வொண்ணும் வாளு நீளம், ஓரமெல்லாம் முள்ளு. ஜன்னலை மறைச்சு, நடக்கிற வழியை மறைச்சு நின்னுச்சு. போறவங்க வர்றவங்க காலையெல்லாம் 'சரக்', 'சரக்'. பூத்துச்சா?

நீதான் சொல்லணும். ஆமா, பூக்கல.

இப்படியே கார்த்திகை வந்துருச்சு. அன்னைக்கு காமாயி வாசல் தெளிச்சு, விளக்கெல்லாம் தேச்சு அடுக்கிக்கிட்டு இருந்தா. முன்ரூமுக்குப் போறப்போ அன்னாசி முள்ளு முழங்கால்ல 'சதக்'! "சனியனே, நாலு பேரு விளக்கு பாக்க வர்ற வீட்டுல நீ ஏன்டா வழியில நிக்கற?"ன்னு சட்டியோட தூக்கிட்டுப் போய், பின்னாடி இருந்த இருட்டு அறையில 'டங்'குன்னு வச்சா. பகவதி அப்போ ஓடையில துணி அலசிக்கிட்டு இருந்தா. அவளுக்குத் தெரியாது.

அப்புறம் அடிமலையில இருந்து குதிரை மேல வாழைத்தார் வந்து இறங்குச்சு. பச்சைக் காய். காமாயி கோயிலுக்கு நேர்ந்துக்கிட்ட தார். அதை அந்த இருட்டு அறையிலதான் பழுக்கப் போடுவா. தாரை அடுக்கி, ஒரு ஓட்டைச் சட்டியில வைக்கோலும் வரட்டியும் போட்டுப் பத்த வச்சு, 'பொசுபொசு'ன்னு புகை கெளம்பினதும் கதவைச் சாத்தி, சந்துல எல்லாம் சாணி வச்சுப் பூசினா. கையைக் கழுவினா. பலகையில வந்து உக்காந்தா. 'அப்பாடா'ன்னு கண்ணை மூடினா.

அப்போதான் அவளுக்கு 'பக்'குனுச்சு. உள்ள செடி!

திறக்கலாமா? திறந்தா புகை வெளிய போயிரும், காய் வெம்பிப் போகும். சாமி தார். திறக்காம இருந்தா செடி செத்துரும். காமாயி எந்திரிச்சா, உக்காந்தா, மறுபடி எந்திரிச்சா, மறுபடி உக்காந்தா. கதவைத் திறக்கல.

துணி அலசிட்டு வந்த பகவதி முன்ரூம்ல பாத்தா, சட்டி இருந்த எடத்துல வட்டமா ஈரம் மட்டும் இருக்கு. "அத்தை, என் செடி எங்க?" "எனக்கென்ன தெரியும், எங்கயாவது இருக்கும்"னா காமாயி. சொல்லிட்டு அன்னைக்குச் சாப்பிடல. சோறு எறங்கல அவளுக்கு. பகவதி தோட்டம் பூரா தேடினா, மாட்டுக் கொட்டாயில தேடினா, கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தா. அப்புறம் டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டுப் புடவையெல்லாம் மடிச்சு வச்சு 'டப்'புன்னு மூடினா. அழுதாளான்னா அழுதா. வேலப்பன் அதைப் பாத்துட்டு நிலத்துக்குப் போய், கொத்தின எடத்தையே திரும்பக் கொத்திக்கிட்டு இருந்தான். பாவம். எனக்கே பாவமாத்தான் இருக்கு.

தூங்கிட்டியா? ம்ம்... சரி.

புகை எல்லாம் அடங்கினப்புறம் காமாயி சாணியைப் பேத்து, கதவை 'கிர்ர்ர்'னு திறந்தா. தாரு தங்க நிறத்துல பழுத்திருக்கு. வாசனைன்னா வாசனை. மூலையில அன்னாசி, கரி பூசிக்கிட்டு, இலை தொங்கிப்போய். காமாயி பழத்தைத் திரும்பிப் பாக்கல. சட்டியைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போனா. தன்னோட பலகை மேல வச்சா. தான் தரையில உக்காந்துக்கிட்டு, முந்தானையைத் தண்ணியில நனைச்சு ஒவ்வொரு இலையா தொடச்சா. முள்ளு குத்திக் கையெல்லாம் ரத்தம். தொடச்சுக்கிட்டே இருந்தா.

பகவதி வாசப்படியில வந்து நின்னா. அவளுக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. கத்தணும்னுதான் வாயைத் திறந்தா. அந்தக் கையைப் பாத்தா. பலகை மேல யாரு உக்காந்திருக்கான்னு பாத்தா. வாயை மூடிக்கிட்டா.

காமாயி தலையைத் தூக்காம சொன்னா: "கதவைச் சாத்திட்டு உள்ள வா. குளிரு வருதில்ல."

அவ்வளவுதான் கூப்பிட்டா. அது போதாதா?

அன்னையில இருந்து செடி அடுப்படியிலதான். நம்ம செடியை இந்தக் கெழவிகிட்ட நம்பி விடறதான்னு பகவதியும் காவலுக்கு அங்கயே உக்காந்துக்கிட்டா. பலகை நடுவுல அன்னாசி, அந்தப் பக்கம் மாமியா, இந்தப் பக்கம் மருமக. முதல்ல பேச்சே இல்ல. அப்புறம் குழம்புக்குத் தேங்கா அரைக்கலாமா வேணாமான்னு ஒரு சண்டை. அப்புறம் உப்புக்கு ஒரு சண்டை. சண்டை போட்டா உடம்பு சூடாகும். அடுப்பும் எரியுது. அப்போ ஒரு நாள் பகவதிக்குத் திடீர்னு உறைச்சுது, பல்லு கடகடன்னு ஆடி நாளாச்சேன்னு.

அப்புறம் பொங்கலும் வந்துச்சு. கரும்பு, மஞ்சக்கொத்து, புது அரிசின்னு சீரோட அப்பா வந்து இறங்கினாரு. முன்ரூம்ல பாத்தாரு. செடி இல்ல. கதவோரம் டிரங்குப் பெட்டி. "ஓ, எம்மக கெளம்பி நிக்கா"ன்னு நெனச்சு, ஒரு பக்கம் மனசு லேசா, ஒரு பக்கம் பாரமா, பெட்டியைத் தூக்கினாரு. 'லொடலொட லொடலொட'ன்னு உருண்டுச்சு. என்னடா இதுன்னு திறந்தாரு. உள்ள புடவை இல்ல. வெதைக்கெழங்கு! கெழங்கை எலி கடிக்குதுன்னு பகவதிதான் புடவையை எடுத்துக் கொடியில போட்டுட்டு, பெட்டியில கெழங்கைக் கொட்டி வச்சிருந்தா.

அடுப்படியில இருந்து ஏதோ சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தாரு. ரெண்டு பேரு மூஞ்சியிலயும் கரி. ரெண்டு பேரும் செடியோட நடுக்குருத்துல தலையை முட்டிக்கிட்டு எதையோ பாத்துக்கிட்டு இருக்காங்க. அவரும் குனிஞ்சு பாத்தாரு. உள்ள, ஆழத்துல, செவப்பா, விரல் நுனி அளவுக்கு ஒரு பூங்குருத்து.

"ஆரு புகை போட்டது?"ன்னாரு அப்பா. "எங்க தோட்டத்துலயும் பூக்காம அடம் புடிக்கிற செடிக்குப் புகைதான் போடுவோம்."

பகவதிக்குக் கோவம் வந்துருச்சு. "அதை ஏம்ப்பா இத்தனை நாளும் சொல்லல?"

"நீ கேட்டியா மக்ளே? பூக்கலைன்னா வந்துடறோம்னுதானே சொன்னே."

அவரு மறுபடியும், "ஆரு போட்டது?"ன்னு கேட்டாரு. காமாயி பொங்கப் பானையை நல்லா வெறிச்சுப் பாத்தா. அப்புறம் நிமிந்து உக்காந்து, "நான்தான் போட்டேன். வேற யாரு போடுவா இந்த வீட்டுல?"ன்னா. பகவதி மாமியாளை ஒரு பார்வை பாத்தா. அடுப்புல ஒரு விறகைத் தள்ளி விட்டா. வாசல்ல நின்ன வேலப்பன் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னான்.

"சரி, பூத்தாச்சு"ன்னாரு அப்பா. "இருந்தாலும் கேக்கறேன். வர்றியா மக்ளே?"

"இது காயாகிப் பழுக்கட்டும்பா. அப்புறம் பாக்கலாம்."

"இந்தக் குளிர்ல இது பழுக்க ரொம்ப நாளாகுமே."

"ஆகட்டும்"னா பகவதி. பலகையில கொஞ்சம் நகந்து, அப்பாவுக்கும் எடம் விட்டா.

என்ன, பழுத்துச்சான்னு கேக்கறியா? அரைத் தூக்கத்துல கேள்வி மட்டும் வருது. இன்னும் பழுக்கல. பக்கத்துல கன்னு வெடிச்சு, கன்னு பக்கத்துல கன்னு வெடிச்சு, அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு அடுப்போரம் ஒரு சட்டி நிக்குது. பகவதி அப்பா வர்றப்போ எல்லாம், "பழுத்துதா?"ன்னு கேப்பாரு. அவ, "இல்லப்பா"ன்னுவா.

கதையும் பூத்து முடிஞ்சுது, அடுப்பும் தணிஞ்சுது. கண்ணை மூடு. போர்வைக்குள்ள கால் சூடா இருக்குதில்ல? அப்போ தூங்கு.