முத்தக்காவுக்கு ஒரு பதில்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று மரியபுஷ்பத்துக்கு ஒரே பயம். கடவுளைக் குறை சொன்னது போல ஆகிவிடக் கூடாது. சிஸ்டர் மனம் நோகவும் கூடாது. பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தாள். கடைசியில் வாயில் வந்தது ஒன்றுதான்.

“சிஸ்டர், என் பிள்ளைய ஏன் எடுத்துக்கிட்டார்?”

தொழுநோய் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் ரெஜினா அவளைவிட வயதில் இளையவர். மனக்குறையோடு வருகிறவர்களிடம் அதிகம் பேச மாட்டார். அன்றும் ஒரு நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டார்.

மரியபுஷ்பம்தான் பேசினாள். கிறிஸ்துமஸ் தவறாமல் குடும்பமாக இங்கே வந்ததைச் சொன்னாள். கணவர் தாசையன் ஆண்களுக்கு முடி வெட்டுவார். மகள் பெனிலா பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிடுவாள். இவள் வாசலில் நின்று சோப்பும் பலகாரப் பொட்டலமும் கொடுப்பாள். அத்தனைக்கும் கிடைத்தது, ஐப்பசிக் காய்ச்சலில் பெனிலா போய்ச் சேர்ந்ததுதான்.

இனிமேல் வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். இன்றைக்கு வந்ததே தாசையனின் பிடிவாதத்தால். அவர் அதற்குள் கத்தரியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“பெனிலா ஏன் போனான்னு உள்ள முத்தக்காவும் கேட்டுக்கிட்டே இருக்காங்க,” என்றார் சிஸ்டர். “நான் சொல்ற பதில நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்க போய்ச் சொல்லுங்க.”

பெண்கள் பகுதியில் முத்தக்கா தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நோய் குணமாகி வெகுகாலம். விரல்கள்தான் திரும்ப வரவில்லை. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம். சாவு விழுந்த வீட்டில் இந்த வருஷம் எண்ணெய்ச்சட்டி வைக்க மாட்டார்களே என்று அவளே உருட்டிச் சுட்டது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

ஆனால் தட்டை நீட்டவில்லை. மரியபுஷ்பத்தைக் கண்டதும் கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“யம்மா, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்.”

“கேளுங்க.”

“உன் பிள்ள தலை பின்னி முடிச்சதும் என் தட்டுல இருந்துதான் திங்கும். ‘அம்மாகிட்ட சொல்லிராதீங்க, பயந்தே செத்துரும்’னு சிரிக்கும். நான்தான் ஊட்டுவேன்.”

மரியபுஷ்பம் இங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. மகளையும் குடிக்க விட்டதில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

“அந்தக் காய்ச்சல் என் கையில இருந்துதான் போச்சா?”

அது கொசுக்கடியால் வந்த காய்ச்சல் என்று டாக்டர் சொன்னதை மரியபுஷ்பம் எடுத்துச் சொன்னாள். முத்தக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை. சிஸ்டரும் அதையேதான் சொன்னாராம். எல்லாரும் தன் மனம் நோகாமல் இருக்கச் சொல்கிறார்களாம்.

“இந்தத் தட்ட சிஸ்டர் கையால உனக்குக் குடுக்கச் சொன்னேன். மாட்டேன்னுட்டாவ.”

மரியபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். சிஸ்டர் அங்கே இல்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“நீங்களே ஊட்டுங்க.”

“வேண்டாம் யம்மா. உனக்கும் ஏதாவது ஆயிட்டா?”

சேலைக்குள்ளிருந்த அந்தக் கையை மரியபுஷ்பம்தான் வெளியே எடுத்தாள். வாயைத் திறந்தாள்.

வெல்லம். பாசிப்பயறு.  கண் நிறைந்துகொண்டு வந்தது. இப்போது அழுதால், பயந்து அழுகிறாள் என்றுதான் முத்தக்கா எடுத்துக்கொள்வாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று, தட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வாய் நிறையத் திணித்துக்கொண்டாள்.