ஏரிக்கு வந்த பிள்ளைத்தாய்ச்சிகள்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குத் தும்மல் வந்தால் நாடே மூக்கைத் துடைத்துக்கொண்ட காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவர் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வெளியே யாரோ விறகு பிளந்த சத்தத்தில் அவள் திடுக்கிட்டு எழுந்தாள் என்று கேட்டதும் ராஜா ஓர் ஆணை போட்டார். பேறுகாலத்துக்கு வந்து தங்கிய எந்தத் தாயின் வீட்டருகேயும் கோடரிச் சத்தம் கேட்கக் கூடாது; பிள்ளையோடு அவள் புறப்படும்வரை அந்த வீட்டில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. நல்ல ஆணைதான். ராஜாக்களும் எப்போதாவது தெரியாமல் நல்லது செய்துவிடுவார்கள்.

தலைநகருக்கு வடக்கே ஊர்ப்பொதுவான ஏரி ஒன்று இருந்தது. அதற்குள் நின்ற கடம்ப மரங்களில் மழைக்காலத்தில் நாரைகள் வந்து கூடு கட்டும். பிள்ளைப்பேற்றுக்கு வந்த நம் வீட்டுப் பெண்கள் என்று ஊரார் அவற்றைச் சொல்வார்கள். அங்கே சுள்ளி ஒடிக்க மாட்டார்கள். கல்யாணம் என்றாலும் மேளம் தட்ட மாட்டார்கள். நாரைகளின் எச்சம் கலந்த தண்ணீரில்தான் அவர்கள் வயல் விளைந்தது. அந்த மரங்களை வெட்டிக் கரி சுட்டு விற்கும் உரிமையை மந்திரி தம் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். சும்மா கிடக்கிற இடம் என்று அவர் சொன்னார், ராஜா தலையாட்டினார்.

ஏரி மடையைத் திறந்து மூடும் பூவாயி, அரண்மனை விகடகவி தொப்புளானைத் தேடி ஓடிவந்தாள்.

"விடிஞ்சா வெட்ட வராங்கய்யா. குஞ்சுங்களுக்கு இன்னும் றெக்கை முளைக்கல. ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

தொப்புளான் அப்போதே போய்ச் சொன்னான். வேடிக்கை எதுவும் கலக்காமல், கைகூப்பி, உள்ளபடி சொன்னான். ராஜா கொட்டாவி விட்டார். நியாயம் பேச மந்திரி இருக்கிறார், உன் வேலை என்னைச் சிரிக்க வைப்பது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மந்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை சபை கூடியதும் தொப்புளான் சேலை கட்டிக்கொண்டு, ஒரு கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணமும் மறு கையில் மஞ்சள் துணியுமாக மருத்துவச்சி வேடத்தில் வந்து நின்றான். ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மன்னா, தங்கள் ஏரியில் ஏராளமான தாய்மார்கள் பேறுகாலத்துக்கு வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கோடரி விழுகிறது. தங்கள் ஆணையை மீறியவர் யார் என்று விசாரிக்க வேண்டும்."

மந்திரி துள்ளி எழுந்தார். அவை வெறும் நாரைகள் என்றார். ஆணையில் எந்தத் தாய் என்றுதான் இருக்கிறது, சிறகு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை என்றான் தொப்புளான். முட்டை பொரிந்து குஞ்சே வந்தாயிற்று, பேறுகாலம் முடிந்தது என்றார் மந்திரி.

"பிள்ளையோடு புறப்படும்வரை என்பது மன்னர் வாக்கு. சிறகு முளைக்காத பிள்ளை எப்படிப் புறப்படும்? மந்திரியார் இடுப்பில் தூக்கிப் போவாரானால் எனக்கு ஆட்சேபம் இல்லை."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெட்டும் உரிமையை ரத்துசெய்தார். ஏரி என்றைக்கும் ஊர்ப்பொது என்று அறிவித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தொப்புளானுக்குப் போட்டார். பிறகு, ராணியும் இதைக் கேட்க வேண்டும், மந்திரி இடுப்பில் நாரைக்குஞ்சைத் தூக்குகிற இடத்தை மறுபடி நடித்துக் காட்டு என்றார். ஆணை ஓலையில் முத்திரையை அதன் பிறகு வைக்கலாமாம்.

தொப்புளான் நடித்தான். ராணி வந்ததும் ஒரு முறை, மகளுக்காக இன்னொரு முறை. அவன் கண் வாசல் பக்கமே இருந்தது. அழுகையை அடக்கியதில் அவன் முகம் கோணியதையும் வேடிக்கை என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் முத்திரை விழுந்தது.

சேலையை அவிழ்க்கவும் மறந்து குதிரையில் போய்ச் சேர்ந்தபோது ஏரியில் பாதி மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஆணையைக் காட்டியதும் கோடரிகள் நின்றன. மீதி மரங்கள் பிழைத்தன. தாய்நாரைகள் கூடு இருந்த இடத்துக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தன. பூவாயி இடுப்பளவு தண்ணீரில் நின்று, மிதந்த குஞ்சுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றிரண்டு இன்னும் வாயைத் திறந்து இரை கேட்டன.

அவள் அவன் கழுத்து மாலையைப் பார்த்தாள்.

"ராஜா என்னய்யா சொன்னாரு?"

"சிரிச்சாரு தாயி," என்றான் தொப்புளான். "ரொம்ப நேரம் சிரிச்சாரு."