கம்பத்தடியில் கார்

கேபிள் டிவி முதலாளி தணிகாசலம் எங்கள் தெரு மின்கம்பத்தில் தன் கேபிளைக் கட்ட விண்ணப்பம் கொடுத்திருந்தார். அந்த இரும்புக் கம்பத்தின் அடி துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. அதை மாற்றாமல் ஏற முடியாது என்றான் ஒப்பந்த வேலையாள் பூவலிங்கம்.

"நல்ல நேரம் முடியப் போகுதுடா! கம்பம் கல்லு மாதிரி நிக்குது. ஏறுறியா, உன் வேலைக்கு வேற ஆள் போடச் சொல்லவா?" என்று, பூஜைத் தேங்காயோடு புதுக் காரில் வந்திறங்கியிருந்த தணிகாசலம் கத்தினார். பக்கத்தில் நின்ற மின்வாரிய இன்ஜினியர் கையிலிருந்த விண்ணப்பத்தையே புரட்டிக்கொண்டிருந்தார்.

பூவலிங்கம் ஏணியை எடுத்தான்.

"ஏறுறேன் முதலாளி. கம்பத்துக்குப் பூஜை போடத்தானே போறீங்க? மாலை போட்ட உங்க புதுக் காரையும் இதுக்கடியிலயே நிறுத்துங்க. ரெண்டுக்கும் ஒரே தேங்காயா உடைச்சிடலாம்."

அதைக் கேட்ட முதலாளியின் டிரைவர் காரைக் கம்பத்தடிக்குக் கிளப்பினார். தணிகாசலம் குறுக்கே ஓடினார்.

"யோவ், நிறுத்துய்யா! கம்பம் காரு மேல சாஞ்சா யாரு பொறுப்பு?"

தெருவே சிரித்தது. பூவலிங்கம் ஏணியைக் கீழே வைத்தான். "புதுக் கம்பம் நட்ட பிறகுதான் அனுமதி" என்றார் இன்ஜினியர், ஒருவழியாக.

புதுக் கம்பம் வந்தது. பூவலிங்கமே ஏறிக் கேபிளைக் கட்டினான். ஆனாலும் தணிகாசலம் தெருப்பக்கம் வந்தால் நாங்கள் இன்றும் விடுவதில்லை.

"காரைக் கம்பத்தடியில நிறுத்துங்க முதலாளி, நல்ல இடம்!"