கரட்டில் அறுபத்திரண்டு செடிகள்

முப்பிடாதி டீச்சரிடம் செடிகளை இனங்காணக் கற்க வந்தவர்களில் சவரிமுத்துதான் வயதில் மூத்தவர். அறுபத்தொன்று. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு நாற்பது. கல்லூரி ஒன்றில், உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அறை டீச்சரின் பொறுப்பில் இருந்தது.

அன்று காலை அறைக்குள் வந்த சவரிமுத்து செருப்பைக் கழற்றவில்லை. மேசையில் ஒரு தாள்கட்டைப் போட்டார். போட்ட வேகத்தில் டீச்சரின் தேநீர் சிந்தியது.

அவருடைய ஊருக்கு வடக்கே கூழாங்கரடு என்று ஒரு பாறைக்குன்று உண்டு. அதில் இறங்கும் மழைத்தண்ணீர்தான் அடிவாரத்து நாற்பது வீடுகளுக்கும் கிணற்றுத் தண்ணீர். கரட்டைக் கல்குவாரிக்குக் கேட்டிருந்தது ஒரு கம்பெனி. அங்கே என்னென்ன செடிகள் உண்டு என்று ஆள் வைத்து எழுதி வாங்கிய அறிக்கைதான் அந்தத் தாள்கட்டு. மொத்தம் அறுபத்திரண்டு செடிகள், எல்லாம் எங்கும் வளர்பவை, அழிந்தால் இழப்பில்லை என்று கடைசிப் பக்கம் சொன்னது. அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

“ரெண்டு நாள் வந்திருக்கானுவ டீச்சர். அதுவும் சித்திரையில. அப்பம் கரட்டுல கள்ளியும் கத்தாழையும் விட்டா வேற என்ன நிக்கும்?”

டீச்சர் பக்கங்களைப் புரட்டினார். நாற்பத்தோராவது வரியில் விரலை வைத்தார். இமயமலை அடிவாரத்தில் வளரும் ஒரு மரத்தின் பெயர் அங்கே இருந்தது.

“இது எப்பம் உங்க ஊருக்கு வந்தது அண்ணாச்சி?”

“அதைத்தான் நானும் கேக்கேன். பஸ் ஏறி வந்திருக்கும்.”

அறிக்கையின் அடியில் ஆதாரமாகக் காட்டியிருந்த புத்தகம் வடநாட்டுச் செடிகளைப் பற்றியது. சவரிமுத்து அதைச் சொல்லிச் சொல்லிக் கொதித்தார். நம் ஊர்க் கரட்டைப் பார்க்க அந்த ஊர்ப் புத்தகமா, படித்தவர்கள் செய்கிற வேலையா இது என்றார். பிறகு பையைத் திறந்தார். ஈரத்துணியில் சுற்றிய ஒரு செடி, ஒரு பெரிய வண்ணப் புத்தகம், தட்டச்சு செய்த ஒரு கடிதம் மூன்றையும் எடுத்து வைத்தார்.

செடி விரல் உயரம்தான் இருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு பாறை இடுக்கில் முளைத்தது. பூ நீலம், மூன்று இதழ். புத்தகத்தின் நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் இதே பூ இருப்பதாகச் சவரிமுத்து காட்டினார். மிக அரிய செடி என்று அங்கே போட்டிருந்தது. கடிதம் அதையே சொன்னது. அடியில் டீச்சரின் பெயருக்கு மேல் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

டீச்சர் கடிதத்தைத் தொடவில்லை. எழுந்து வெளியே போனார். படிக்கட்டு ஓரத்திலிருந்து ஒரு செடியைப் பிடுங்கி வந்து சவரிமுத்துவின் முன் வைத்தார்.

“இது என்னன்னு உங்க புத்தகத்துல தேடுங்க.”

அது குப்பைமேனி. சவரிமுத்துவின் முகம் சிவந்தது. சிரங்குக்கு அதை அரைத்துப் பூசி வளர்ந்த உடம்பு இது என்றார். பூனை அதன் வேரைக் கடித்துவிட்டுப் புரளுகிற கூத்தைப் பார்க்காத நாளில்லை என்றார். ஒன்பது நாள் கெடு இருக்கும்போது இதென்ன விளையாட்டு என்று கேட்டார்.

“தெரியாதுன்னு வச்சுக்கிடுங்க. தேடுங்க.”

அரை மணி நேரம் தேடினார். நானூற்று இருபது செடிகள் இருந்த புத்தகத்தில் குப்பைமேனி இல்லை. கடைசியில் முந்நூற்று இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார். இலை விளிம்பு ரம்பம் போல இருந்தது. பூங்கதிரும் கொஞ்சம் ஒத்துப்போனது.

“இது ஒரு சாடையில அப்படி இருக்கு.”

“அப்பம் அதுதான் இது.”

“டீச்சர்.”

“கீழ என்ன போட்டிருக்கு?”

அடர்ந்த மழைக்காட்டின் உள்ளே மட்டும் வளர்வது, அரிது என்று போட்டிருந்தது. சவரிமுத்து அதை வாசிக்கையில் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“காலேஜ் படிக்கட்டுல அரிய செடி நிக்கி அண்ணாச்சி. கடிதாசி எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போடுதேன்.”

சவரிமுத்து புத்தகத்தை அறைந்து மூடினார். அட்டையில் இந்தியப் பூக்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்றார். டீச்சர் அதை வாங்கி, சவரிமுத்து இதுவரை திருப்பாத பக்கங்களுக்குப் போனார். முன்னுரையில் எழுதியவர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மேற்கே மழைக்காட்டில் நடந்தபோது கண்ணில் பட்டு, படம் நன்றாக விழுந்தவை மட்டும்தான் இவை. வறண்ட நிலத்துச் செடிகளைச் சேர்க்கவில்லை. புல்லும் கோரையும் சேர்க்கவில்லை.

“பூக்கிற செடி மட்டும் இந்த நாட்டுல பதினெட்டாயிரத்துக்கு மேல. இதுல நானூத்தி இருவது. அவரு மறைக்கல அண்ணாச்சி.”

சவரிமுத்து முன்னுரையைத் தானும் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிறகு, எந்தப் புத்தகத்தைத்தான் நம்புவது என்று கேட்டார். டீச்சர் மேல்தட்டிலிருந்து மூன்று தடித்த பழைய புத்தகங்களை இறக்கினார். முதல் பக்கத்தில் எந்தெந்த மாவட்டங்களுக்கு என்று அச்சிட்டிருந்தது. அவருடைய மாவட்டம் அதில் இருந்தது.

சவரிமுத்து மூன்றையும் புரட்டினார்.

“படம் ஒண்ணுகூட இல்லயே. குருடனுக்கு எழுதுனதா?”

“கேள்வி இருக்கு.”

புத்தகம் ஒவ்வொரு அடியிலும் இரண்டு வழி காட்டியது. இலை எதிரெதிராகவா, மாறி மாறியா. இதழ் சேர்ந்ததா, தனித்தனியா. ஒன்றைச் சொன்னால் அடுத்த கேள்விக்கு அனுப்பியது. சவரிமுத்து நான்கு நாள் அந்த அறையில் லென்ஸோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த நேரமெல்லாம் முணுமுணுத்தார். பூ பத்து மணிக்கு மலர்ந்து நண்பகலில் வதங்குவதால் தினமும் விடியுமுன் கரடு ஏறி, அன்றைக்கு மலரும் மொட்டோடு செடியைக் கொண்டுவந்தார். மகரந்தத் தாளின் காம்பில் மயிர் இருக்கிறதா என்று புத்தகம் கேட்டது. இருந்தது. இத்தனை வருடம் அந்தக் கரட்டில் ஏறி இறங்கியும் அதைப் பார்த்ததே இல்லையே என்று அவருக்கு அதற்கும் ஆத்திரம் வந்தது.

நான்காம் நாள் இரண்டே செடிகள் மிஞ்சின. ஒன்று வயல் வரப்பில் கிடப்பது. மற்றொன்று எப்போதோ, எங்கோ ஒரே ஒரு குன்றில் ஒரே ஒருவர் எடுத்தது. அதன்பிறகு யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. இரண்டையும் பிரிக்க ஒரே கேள்வி: காய்க்குள் ஒவ்வோர் அறையிலும் விதை ஒரு வரிசையா, இரண்டு வரிசையா?

காய் இல்லை. சவரிமுத்து மறுபடி கரட்டுக்கு ஓடினார். இடுக்குக்கு இடுக்கு பூதான். காய் முற்ற இன்னும் மூன்று வாரமாகும்.

திரும்பி வந்து இரண்டாவது பெயரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ரெண்டில் ஒன்றுதானே, பாதிக்குப் பாதி என்றார். டீச்சர் தலையாட்டி மறுத்தார்.

“அவனுவ அறுபத்திரண்டு பொய் எழுதியிருக்கானுவ. நான் ஒண்ணு எழுதப்பிடாதா? நாப்பது வீட்டுத் தண்ணிக்கு ஒரு பொய்.”

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றார்.

“எழுதலாம். ஆனா அதுக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம்லா.”

“நீங்க அந்தத் தண்ணியக் குடிச்சதில்ல” என்றார் சவரிமுத்து. பையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அதன்பிறகு வரவில்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பத்து மணிக்கு என்றார்கள். தொடங்கவே பத்தே முக்கால் ஆனது. முன்வரிசையில் கம்பெனி ஆட்களும், அறிக்கை எழுதிய இளைஞரும் இருந்தார்கள். பின்னால் நாற்பது வீட்டு ஜனங்கள். சவரிமுத்து மடியில் ஒரு டிபன் பாக்ஸும் லென்ஸும் வைத்திருந்தார். சட்டைப்பையில் புதுக் கடிதம் ஒன்று இருந்தது, அந்த இரண்டாவது செடியின் அரிய பெயரோடு, இந்த முறை அவருடைய கையெழுத்தில். கம்பெனிக்காரர் பேசப் பேச அவர் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். இதழ்கள் ஓரம் சுருளத் தொடங்கியிருந்தன.

பதினொன்றரைக்குப் பெயர் கூப்பிட்டார்கள். அவர் நேராக மேடைக்குப் போய், கூட்டம் நடத்திய அதிகாரியின் முன்னால் செடியை எடுத்து வைத்தார். மண் மேசைவிரிப்பில் உதிர்ந்தது.

“இது அறுபத்திரண்டுல எதுன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க சார்.”

அறிக்கை எழுதிய இளைஞர் எழுந்து வந்தார். செடியைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார், மறுபடி செடியைப் பார்த்தார். பதினேழாவது, விஷ்ணுகிராந்தி என்றார்.

“சரிதானா?” என்று அதிகாரி சவரிமுத்துவைக் கேட்டார்.

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. மண்டபமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் கடைசி வரிசைக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் முப்பிடாதி டீச்சர் நிற்பதைக் கண்டார். தோளில், சவரிமுத்து அறையில் விட்டுப்போன பை தொங்கியது. டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த செடியைத்தான் எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.

சவரிமுத்து கடிதத்தை எடுக்காமல் கையை விலக்கிக்கொண்டார்.

விஷ்ணுகிராந்திப் பூ ஒரே வட்டமாக, ஐந்து மடிப்போடு இருக்கும், அறிக்கையிலேயே அதற்குப் படம் இருக்கிறது என்றார். லென்ஸை அதிகாரியின் கையில் கொடுத்து, இந்தப் பூவில் இதழை எண்ணச் சொன்னார். அதிகாரி குனிந்தார். எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் குனிந்தே இருந்தார்.

“மூணு” என்றார். “தனித்தனியா இருக்கு. அப்ப இது என்ன செடி?”

“ரெண்டுல ஒண்ணு சார். அந்த ரெண்டும் இவங்க எழுதுன அறுபத்திரண்டுல இல்ல. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியல.”

பின்னால் சலசலப்பு எழுந்தது. கடைசி நேரத்துல கவுத்திட்டீரே அண்ணாச்சி என்று யாரோ சொன்னார்கள். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சவரிமுத்து அந்தப் பக்கம் திரும்பினார். ஆனால் அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

“அவர் ஒரு பேராவது சொல்றார்” என்றார் அதிகாரி. “நீங்க தெரியலங்கிறீங்க. நான் எதை எழுதிக்கிறது?”

“தெரியலன்னே எழுதிக்கிடுங்க சார். அவரு தெரியாமத்தான் எழுதியிருக்காரு.”

அதிகாரி பேனாவை வைத்தார். இதையெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். சவரிமுத்து பின்பக்கம் கை காட்டினார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. டீச்சர் நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து வந்து சேர நேரமானது. வந்ததும் யாரையும் பார்க்காமல் செடியைக் கையில் எடுத்தார். பூ மூடிவிட்டிருந்தது. அதன் அடியை நகத்தால் மெல்ல விலக்கிப் பார்த்தார்.

“நீங்களாவது சொல்லுங்கம்மா. இது என்ன செடி?”

“காயைப் பாத்தாத்தான் சொல்ல முடியும் சார்.”

“அது எப்ப காய்க்கும்?”

“மூணு வாரம் ஆகும்” என்றார் டீச்சர். “அதுவரைக்கும் அது நிக்கதுக்குக் கரடு இருக்கணும்.”