ராஜா சுவரின் உப்பு

இது ஒரு காட்டில் நடந்த கதை. காடு என்றதும் மரம், செடி, கொடி என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. இது மணற்காடு. கண்ணுக்கு எட்டிய வரை மணல்தான். அதன் நடுவே, எந்த ராஜாவோ எந்தக் காலத்திலோ கட்டிவிட்டுப் போன மூன்று மண்கோட்டைகள் இருந்தன.

இரண்டு கோட்டைகள் இடிந்து மேடாகிவிட்டன. மூன்றாவதில் ஒரே ஒரு நெடுஞ்சுவர் நின்றது. அதன் நிழலில் சின்னதாக ஓர் ஊற்று. மேற்கிலிருந்து வீசும் மணற்காற்றைச் சுவர் தடுத்துக்கொண்டதால்தான் ஊற்று தூர்ந்துபோகாமல் இருந்தது. அந்த வட்டாரத்தில் வேறு தண்ணீரே கிடையாது.

சுவரின் மண்ணில் உப்பு ஊறியிருந்தது. தூரத்து மந்தைகள் எல்லாம் கோட்டையைப் பார்க்க வரும். சுற்றிப் பார்க்கும், சுவரின் அடியை ஆளுக்கொரு நக்கு நக்கும், ஊற்றில் தண்ணீர் குடிக்கும், திரும்பிப் போகும். "நான் ராஜா சுவரையே நக்கினேன்" என்று போன இடமெல்லாம் சொல்லிக்கொள்வதில் அவற்றுக்கு அப்படி ஒரு பெருமை.

நெடுங்கழுத்தி என்ற பெண் ஒட்டகம் பெருமைக்காகக் கிளம்பியவள் அல்ல. உப்பில்லாத மேய்ச்சலில் அவளுடைய கன்று நோஞ்சானாகிவிட்டது. நாலடி நடந்தால் கால் துவண்டு படுத்துக்கொண்டது. "கோட்டை உப்பு கிடைத்தால் பிழைக்கும்" என்றார்கள் மந்தையில். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? கன்றை முட்டி முட்டி நடத்திக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

வாசலில் நரி காத்திருந்தது. வருகிறவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவது அதன் வேலை. யாரும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்ட வேலை. கேட்பவர்கள் "ஆகா!" என்றால் போதும், அதற்கு வயிறு நிறைந்துவிடும்.

"வாருங்கள் அக்கா, வாருங்கள்! இது குதிரைகள் நின்ற முற்றம். இது ராணி குளித்த இடம். அதோ, ராஜா சாய்ந்து உட்கார்ந்த சுவர்!"

"அந்த இரண்டு மேடும் என்ன, தம்பி?"

"அது பழைய கதை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை" என்று நரி வேகமாக நடந்தது.

சுவருக்குச் சற்றுத் தள்ளியே கன்று படுத்துவிட்டது. சுவரிலிருந்து உதிர்ந்த மண்கட்டிகள் அங்கே நிறையக் கிடந்தன. கன்று நாக்கை நீட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டது.

சுவர் வெடிப்பிலிருந்து ஓர் உடும்பு தலையை நீட்டியது.

"அதையே தின்னட்டும், அம்மா. உதிர்ந்த கட்டியிலும் இதே உப்புதான் இருக்கிறது. சுவரில் மட்டும் வாய் வைக்காதீர்கள். அடிமண் பாதிக்கு மேல் போய்விட்டது. காற்றடித்தால் சுவர் முனகுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது."

நெடுங்கழுத்தி குனிந்து பார்த்தாள். உடும்பு சொன்னது உண்மைதான். எத்தனையோ நாக்குகள் பட்டுச் சுவரின் அடி குகை போல உள்வாங்கியிருந்தது.

நரி சிரித்தது. "சுவருக்குள் குடியிருப்பது வேறு எப்படிப் பேசும்? அக்கா, இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கழுதை மிதித்த கட்டியையா பிள்ளைக்குக் கொடுப்பீர்கள்? நாளைக்கு மந்தையில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளைச் சுட்டது. பிள்ளைக்காக வந்தவள், பிள்ளையை மறந்தது அந்த நேரத்தில்தான். கன்றின் வாயிலிருந்த கட்டியை மூக்கால் தட்டிவிட்டாள்.

"அம்மா, இதுவே நன்றாக இருக்கிறதே!" என்றது கன்று.

"பேசாமல் இரு. உனக்கு ராஜா உப்பே தருகிறேன்."

"வேண்டாம், அம்மா! விழுந்துவிடும்!" என்று உடும்பு கத்தியது.

"எத்தனை பேர் நக்கினார்கள்! பத்தோடு பதினொன்று. என் ஒரு வாயிலா இவ்வளவு பெரிய சுவர் விழப்போகிறது?"

குடைந்த இடத்துக்குள் தலையை விட்டுப் பல்லால் கடித்து இழுத்தாள். மண் அசையவில்லை. தோளைக் கொடுத்து நெம்பினாள். பெரிய கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு கன்றிடம் நடந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் முதுகுக்குப் பின்னால் சுவர் சரிந்து விழுந்தது.

புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. நல்லவேளை, கன்றின் மேல் ஒரு தூசிகூடப் படவில்லை. உடும்பு எப்படியோ வெளியே பாய்ந்து தப்பியிருந்தது. நரியைக் காணவில்லை. சுற்றிக் காட்ட இனி அங்கே அதற்கு என்ன இருக்கிறது?

நெடுங்கழுத்தி ராஜா உப்பைக் கன்றின் முன்னால் வைத்தாள். கன்று ஆசையாக நக்கி நக்கித் தின்றது.

"எப்படி இருக்கிறது, கண்ணே?"

"அந்தக் கட்டி மாதிரியேதான் இருக்கிறது, அம்மா. தாகமாக இருக்கிறது. தண்ணீர் கொடு."

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். ஊற்று இருந்த இடத்தில் சுவர் மொத்தமும் குவிந்து கிடந்தது. பதறிப்போய் முன்னங்கால்களால் தோண்டத் தொடங்கினாள். உடும்பும் கூடவே தோண்டியது. தடுக்க ஆளில்லாத மணற்காற்று, தோண்டிய பள்ளத்தை உடனுக்குடன் நிரப்பியது.

"அம்மா, தண்ணீர்" என்று கன்று மறுபடியும் கேட்டது.

"இதோ, கண்ணே. இதோ வந்துவிட்டது."

பொழுது சாயும் வரை அவள் தோண்டிக்கொண்டே இருந்தாள். கன்று அதற்குப் பிறகு தண்ணீர் கேட்கவில்லை.

நீதி: எல்லோரையும் காக்கும் ஒன்றிலிருந்து, 'நான் ஒருவன் எடுத்தால் என்ன' என்று வீண்பெருமைக்காக எடுப்பவன், தன் பிள்ளையின் பங்கையே எடுக்கிறான்.