நாலு பேர் ஃபில்டர்

கும்பகோணத்தில் ஒரு வீட்டில் சிவப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு நான்கு சக்கரம், ஒரு பூட்டு, ஊர்ப்பட்ட வாய்.

கடையிலிருந்து வந்த அன்றைக்கே அது வீட்டுச் சங்கதியெல்லாம் தெரிந்துகொண்டுவிட்டது. வீட்டுப் பெண் மங்கையர்க்கரசி வெளிநாட்டில் படிக்கப் போகிறாள். நேரே பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு வருடம் ஒரு சின்ன ஊர்க் கல்லூரி, பிறகு அங்கிருந்து பெரிய இடத்துக்கு மாற்றல் என்று ஏற்பாடு. சின்னக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தபோது அப்பா ராஜகோபால் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அங்கேருந்து எவ்வளவு சீக்கிரம் கிளம்பலாம்?" அங்கே என்ன இருக்கிறது, யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. மங்கையும்தான்.

பெட்டிக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று. கிளம்புவதுதானே அதன் பிழைப்பு!

வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் எந்தக் கல்லூரி என்று கேட்டார்கள். அப்பா கொஞ்சமும் கூசாமல் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். மங்கைக்குத் திக்கென்றது. இனி அங்கே போய்ச் சேராவிட்டால் அப்பா எந்த முகத்தோடு தெருவில் நடப்பார்?

கடைசி நிமிடத்தில் அம்மா அலமேலு ஒரு பித்தளை ஃபில்டரையும் காபிப்பொடியையும் துண்டில் சுற்றிப் பெட்டியின் அடியில் செருகினாள். "நாலு பேர் ஃபில்டர்டி. போய்ச் சேர்ந்ததும் எடுத்து வெளியில வெச்சுக்கோ. பக்கத்து ரூம்ல யாரு, எவருன்னு பார்த்து கூப்பிட்டுக் குடு. தனியா மட்டும் குடிக்காதே."

மங்கையும் பெட்டியும் போய்ச் சேர்ந்தார்கள். விடுதி அறையில் அலமாரி காலியாக இருந்தது. மங்கை ஃபில்டரை எடுக்கக் குனிந்தாள்.

"இரு இரு, என்ன அவசரம்?" என்றது பெட்டி. "இது நம்ம இடமா? ரெண்டே வருஷம். திரும்ப எல்லாத்தையும் யார் அடுக்கறது? பெரிய இடத்துக்குப் போனதும் ஜம்முனு எடுத்து வெச்சுக்கலாம்."

அதுவும் சரிதான் என்று மங்கைக்குப் பட்டது. ஃபில்டர் மட்டுமா? துணிமணிகூட அலமாரிக்குப் போகவில்லை. உடுத்துவாள், துவைப்பாள், மறுபடி பெட்டியிலேயே மடித்து வைப்பாள்.

ஒருநாள் பக்கத்து அறைப் பெண் லூசியா கதவைத் தட்டினாள். "நாங்க சேர்ந்து சமைக்கிறோம், வர்றியா?"

"போகாதே," என்றது பெட்டி. "பழகுவே, அப்புறம் பிரியறப்ப அழுவே. தேவையா?"

மங்கை படிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

தாவரவியல் ஆசிரியை ஹெலன் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தினார். "சனிக்கிழமை நாற்றுக்கூடத்துல வேலை பார்க்கிறோம். உனக்குப் பிடிக்கும். வாயேன்."

அறைக்கு வந்து மங்கை அதைச் சொன்னாள். "மார்க் குடுப்பாங்களா?" என்று கேட்டது பெட்டி. இல்லை. "அப்ப எதுக்கு?" மங்கை போகவில்லை.

அடியிலிருந்து ஃபில்டருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா பெட்டி, கொஞ்சம் விலகேன். ஒரே ஒரு நாள் வெளியில வந்துட்டுப் போறேன். பொடி வாசனை போயிக்கிட்டே இருக்கு."

"சும்மா கிட. உன்னைப் பத்திரமா வெச்சிருக்கேன்ல?"

"பத்திரமா வைக்கவா அம்மா என்னைக் குடுத்தா?" என்றது ஃபில்டர். பெட்டி காதில் வாங்கவில்லை.

இரண்டாம் வருடம் மாற்றல் விண்ணப்பம் வந்து மேசையில் உட்கார்ந்தது. கறாரான ஆள் அது. மதிப்பெண்களைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டியது.

"எல்லாம் பிரமாதம். உன்னை நல்லாத் தெரிஞ்ச ஆசிரியர் ஒருத்தர் கடிதம் எழுதணும். அது எங்கே?"

மங்கை பெட்டியைப் பார்த்தாள். பெட்டி சுவரைப் பார்த்தது.

ஹெலனிடம் ஓடினாள். அவர் நல்ல மனுஷி, முகம் சுளிக்கவில்லை. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "எழுதறேன்மா. உன்னைப் பத்தி என்ன எழுதட்டும், நீயே சொல்லு," என்றார்.

மங்கை மதிப்பெண் பட்டியலை நீட்டினாள். ஹெலன் மூன்று வரி எழுதினார். ஒழுங்காக வருவாள். மதிப்பெண் நன்றாக வாங்குவாள். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. மூன்றும் நிஜம்.

பெரிய பல்கலைக்கழகம் வருந்துகிறோம் என்று எழுதிவிட்டது. போனில் செய்தி கேட்ட அப்பா, "எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனேம்மா," என்றார். மங்கை தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஒருவழியாக வேறெங்கோ, பெயர் கேள்விப்படாத ஓரிடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

பாவி, நான்தானே தடுத்தேன் என்று பெட்டி குமைந்தது. அறையைக் காலி செய்யும் நாளில் அது மெல்ல வாயைத் திறந்தது. "மங்கை, அந்த ஃபில்டரை எடும்மா."

அவள் எடுத்தாள். துண்டைப் பிரித்து, பொடியைப் போட்டு, வெந்நீர் ஊற்றினாள். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பொடியில் வாசனை துளிகூட இல்லை. இருந்தாலும் பாலைக் காய்ச்சி நாலு கோப்பையில் ஊற்றிவிட்டு லூசியாவின் கதவைத் தட்டப் போனாள்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மெத்தை சுருட்டிய வெறுங்கட்டில். எதிர் அறையும் அப்படித்தான். பரீட்சை முடிந்து எல்லாரும் போன வாரமே ஊருக்குப் போய்விட்டார்கள். யாரும் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள அவள் யார்?

மங்கை அறைக்குத் திரும்பி வந்தாள். நாலு கோப்பைக் காபியையும் ஒவ்வொன்றாக அவளே குடித்தாள்.